தெரியாத பார்ட்டிக்குத் தனியாக இடம் காட்டப் போகிறவர்கள் என்ன முன்னெச்சரிக்கை எடுக்கிறீர்கள்?

அய்யர்பங்களாக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் நத்தம் ரோடு பக்கம் எட்டு மாதமாக வீடு, மனை புரோக்கர் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் ஃபைல் பார்த்தேன், அதனால் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி. ஆனால் முன்பின் தெரியாத ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஊமச்சிகுளம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு லே-அவுட். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஒருவர்கூட வீடு கட்டவில்லை. 2023-ல் நத்தம் ரோட்டுப் பாலம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வெளியூர் பார்ட்டிகளின் போன் அதிகமாக வருகிறது. அப்படித்தான் ஒருவர் திருப்பூரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஐந்து சென்ட் வேண்டும், நேரில் பார்த்துவிட்டு அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுகிறேன் என்றார். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். காரில் கூட இரண்டு பேர் இருந்தார்கள். "உங்க வண்டி எதுக்கு மேடம், இங்கேயே போட்டுட்டு எங்க கார்ல ஏறுங்க, இருட்டுறதுக்குள்ள பாத்துட்டு வந்துரலாம்" என்றார். நான் ஸ்கூட்டியை டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கு வரை எனக்கே புரியவில்லை. மூன்று மாதமாக ஒரு கிரயமும் முடியவில்லை, இந்தப் பார்ட்டியும் போய்விடக்கூடாதே என்கிற நினைப்புதான் மனசு முழுக்க இருந்தது.

கதவைச் சாத்தியதும் நாலு கதவும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன. எல்லாக் காரிலும் அப்படித்தான் என்று தெரியும், இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. போகிற வழி முழுக்க பட்டா தனிப்பட்டாவா, ரோடு எத்தனை அடி, தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்ன வேலை, எத்தனை மணிக்கு வருவார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இடத்தில் போய் இறங்கினால் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல்லும் சீமைக்கருவேலமும்தான், மனுசர் இல்லை, போனில் டவர் ஒரு கோடு. பின்சீட்டில் இருந்தவர் இடத்தைப் பார்க்கவே இல்லை, சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நின்றார். அந்த நேரத்துக்கு ஒரு ஆயா ஆடு பத்திக்கொண்டு கண்மாய்க்கரையிலிருந்து இறங்கி வந்தது. நான் நேராக அதன் பக்கத்தில் போய் நின்று பேச ஆரம்பித்துவிட்டேன். பேசிக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன். அவர்கள் கார் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் நிஜமாகவே இடம் வாங்க வந்தவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. வீட்டுக்காரர் இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறார். எனக்கு விட மனசில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முதலிலேயே ஆதார் கேட்டால் பார்ட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்களா? தனியாக வேலை பார்க்கிறவள், ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஆள் கூட்டிப்போக எனக்கு வழியில்லை.

ஒத்தக்கடை அக்கா:

தங்கச்சி, முதலில் ஒன்று. நீ காரில் ஏறியதை நினைத்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஆயாவைப் பார்த்ததும் அதன் பக்கத்தில் போய் நின்றாயே, அந்த நேரத்தில் அதைவிடச் சரியாக யாரும் செய்திருக்க முடியாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தவறின பிறகு அவருடைய டைரியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன், அப்போது மேலூர் ரோட்டில் பெண் புரோக்கர் என்று யாரும் என் கண்ணில் பட்டதில்லை.

நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. எந்தப் பார்ட்டியையும் முதல் தடவை இடத்தில் வைத்துச் சந்திக்க மாட்டேன். ஆபீஸ் இல்லாத காலத்தில் பத்திர ஆபீசுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைதான் எனக்கு ஆபீஸ். கடைக்காரத் தம்பியிடம் சொல்லி இரண்டு ஸ்டூல் போட்டிருந்தேன். பார்ட்டி அங்கே வரணும், உட்காரணும், பத்திர நகலையும் புலப்படத்தையும் (மனையின் அளவு வரைபடம்) அங்கேயே பார்க்கணும், அப்புறம்தான் இடம். "பேப்பரைப் பாத்துட்டுப் போனா உங்களுக்குத்தான் அலைச்சல் மிச்சம்" என்று சொல்வேன், அது உண்மையும்கூட. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும். வாங்க வந்தவன் லோனா கையிருப்பா, யார் பெயரில் பத்திரம், போர் எத்தனை அடியில் தண்ணீர் என்று நம்மைக் குடைந்து எடுத்துவிடுவான். அப்படி எதையும் கேட்காமல் "சரி சரி, இடத்தைப் பாத்துருவோம் வாங்க" என்று அவசரப்படுத்தினால் நான் எழுந்திருக்கவே மாட்டேன், சாவி இன்னும் வரவில்லை என்று சொல்லி இன்னொரு நாளுக்குத் தள்ளிவிடுவேன்.

அவர்கள் காரில் ஏறாதே. உன் வண்டியில் நீ போ. அவர்களை முன்னால் விட்டு வழி சொல்லிக்கொண்டு பின்னால் போகலாம், இல்லை நீ முன்னால் போகலாம், அது ரோட்டைப் பொறுத்தது. ஆனால் இடத்தில் போய் நிறுத்தும்போது உன் வண்டி வெளியே போகிற பக்கம் பார்த்து நிற்கணும், அவர்கள் கார் அதற்குப் பின்னால் நிற்கணும். அவர்கள் வழியை அடைத்து நிறுத்தினால் இறங்காமல் "கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று சொல், சாதாரணமாகச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் நான் காலி மனை காட்டுவதில்லை. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், தெரியும்தானே. லேட்டாக வந்தால் "நாளைக்குக் காலைல வாங்க" என்று சொல்லிவிட வேண்டியதுதான், திருப்பூரோ கோயம்புத்தூரோ, எங்கிருந்து வந்திருந்தாலும்.

காலி வீடு காட்டுகிறபோது நான் செய்வது ஒன்று சொல்கிறேன், யாரும் சொல்லித்தந்ததில்லை, ஒரு தடவை பயந்த பிறகு நானாகப் பழகிக்கொண்டது. பூட்டைத் திறந்ததும் அதை நாதாங்கியில் தொங்கவிடாதே. அந்தத் திண்டுக்கல் பூட்டு சாவியோடு உன் கையிலோ பையிலோ இருக்கணும். தொங்கவிட்டால் வெளியே நிற்கிற ஒருத்தன் சும்மா ஒரு அழுத்து அழுத்தினால் போதும், நீ உள்ளே. அப்புறம் உள்ளே போகிறபோது பார்ட்டி முன்னால் போகட்டும். "நீங்க பாருங்க, நான் ஜன்னலைத் திறந்து விடுறேன்" என்று சொல்லி வாசல் பக்கமே நில். படுக்கையறை, பாத்ரூம், மொட்டை மாடி, இங்கெல்லாம் அவர்களுக்குப் பின்னால் நீ போக வேண்டிய அவசியமே இல்லை. அளவு கேட்டால் வெளியே நின்றே சொல்லலாம். வாசற்கதவு முழுசாகத் திறந்திருக்கணும், கீழே ஒரு செங்கல்லை அண்டக்கொடு.

ஆதார் நகல் எல்லாம் நான் வாங்குவதில்லை. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், ஊர், போன், வண்டி நம்பர், எந்த இடம், எத்தனை மணி, ஒரு கையெழுத்து. அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனிடம் எழுதிவிட்டுத்தானே உள்ளே போகிறார்கள், அதே பழக்கத்தில் இங்கேயும் எழுதிவிடுவார்கள். பதினேழு வருடத்தில் இதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள் நாலு பேர் இருப்பார்கள்.

திருமங்கலம் தரகர்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் இது பெண்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக என் கதையைச் சொல்கிறேன், இதை எழுதவே எனக்குக் கை நடுங்குகிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தென்னந்தோப்பு, ஒன்றரை ஏக்கர். பார்ட்டி போனில் பத்து நாள் நன்றாகப் பேசினார்கள், அண்ணே அண்ணே என்று அவ்வளவு மரியாதை. நேரில் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். கிணற்றைப் பார்க்கலாம் என்று தோப்புக்குள்ளே கூட்டிப்போனதும் கழுத்தில் கத்தி. நாலு பவுன் செயின், மோதிரம், போன் எல்லாம் போனது. அதோடு விடவில்லை, பின் நம்பரைக் கேட்டு யுபிஐ-யில் என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். நான் ஆறடி உயரம், எண்பத்தைந்து கிலோ. அந்த இடத்தில் அது எதற்கும் உதவவில்லை. ஒருவனாக இருந்தேன், நகை போட்டிருந்தேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. உயிர் போகாமல் விட்டார்களே என்று அன்றைக்கு ராத்திரி என் சம்சாரம் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், பேங்குக்குப் போன் பண்ணி கணக்கை நிறுத்தினேன், செயின் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் மாற்றிக்கொண்டது இவைதான். இடம் காட்டப் போகும்போது உடம்பில் குந்துமணித் தங்கம் கிடையாது. நம் ஊரில் புரோக்கர் என்றால் கழுத்தில் செயின், கையில் மோதிரம் இருந்தால்தான் பெரிய கை என்று நினைப்பார்கள், அந்த எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். யுபிஐ-க்கு ஒரு தனிக் கணக்கு, அதில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் இருக்காது. டோக்கன் பணத்தை இடத்தில் வைத்து ரொக்கமாக வாங்குவதே இல்லை. எப்படியும் நிலம், வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது, அதையே காரணமாகச் சொல்லி பேங்குக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். புது இடம் கைக்கு வந்ததும் பார்ட்டி இல்லாமல் நான் மட்டும் இரண்டு தடவை அந்த ஊருக்குப் போவேன். டீக்கடையில் உட்காருவேன். பக்கத்துக் காட்டுக்காரர், ஆடு மேய்க்கிறவர், கோயில் பூசாரி என்று இரண்டு மூன்று பேரிடம் "நான் இந்த இடத்தை விக்கிறதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன், அப்பப்ப ஆள் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லி நம்பர் கொடுத்து, நம்பர் வாங்கி வைத்துக்கொள்வேன். பார்ட்டியோடு போகிற அன்றைக்கு அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நாலு பேர் நம் முகத்தையும் அவர்கள் முகத்தையும் பார்த்தாயிற்று. தப்பான எண்ணத்தில் வந்தவனுக்கு அதுவே போதும், நெஞ்சு பதறிவிடும். தங்கச்சி, உங்களுக்கு அன்றைக்கு அந்த ஆயா எப்படியோ, அப்படி ஒரு ஆளை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடல்நகர் புரோக்கர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அக்காவுக்குப் பதினேழு வருடப் பெயர் இருக்கிறது, பார்ட்டி காத்திருக்கும். எங்களை மாதிரி வாடகை வீடு காட்டுகிற ஆட்களுக்கு அப்படி இல்லை. ஆன்லைனில் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் ஐந்து புரோக்கருக்குப் போன் போடுகிறார்கள், முதலில் சாவியோடு போய் நிற்கிறவனுக்குத்தான் ஒரு மாத வாடகை கமிஷன். ஜெராக்ஸ் கடைக்கு வா, நோட்டில் எழுது என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். எனக்கும் பயம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மாதம் இரண்டு வீடு முடித்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும். என்ன செய்வது?

ஒத்தக்கடை அக்கா:

தம்பி, நீங்கள் சொல்கிற கஷ்டம் எனக்குத் தெரியும், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வாடகை வீட்டுக்கு ஜெராக்ஸ் கடை வேண்டாம். அந்தத் தெரு முனையில் இருக்கிற மளிகைக் கடை முன்னால் நிற்கச் சொல்லுங்கள், அங்கே போய் அவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், வீட்டு விலாசத்தைப் போனில் கொடுக்காதீர்கள். வண்டி நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப ஐந்து வினாடி ஆகுமா? சாவியை எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்க்கா" என்று ஒரு குரல் கொடுங்கள். இதில் எதுவும் பார்ட்டியைத் தாமதப்படுத்தாது.

போய்விடுமே என்கிற பயத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள், தம்பி. இன்றைக்கே டோக்கன் போடுகிறேன், இப்பவே வாங்க, வேற இடமும் பாத்து வச்சிருக்கோம் என்று சொல்வதெல்லாம் அதற்காகத்தான். நல்ல பார்ட்டியும் இப்படிப் பேசலாம், ஆனால் "பத்து நிமிசம் இருங்க" என்று சொன்னால் நல்ல பார்ட்டி இருப்பான்.

வைகைக்கரை வக்கீல்:

மதுரையில்தான் பிராக்டீஸ் செய்கிறேன். சட்டப் பக்கம் இருந்து தெரிந்ததை எழுதுகிறேன்.

அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181 உதவி எண் தனியாக இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை 2022-ல் 'காவல் உதவி' என்று ஒரு செயலி கொண்டுவந்தது, அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கிற இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இன்றைக்கே இறக்கி, பெயர், நம்பர் எல்லாம் பதிந்து தயாராக வையுங்கள், இடத்தில் போய் நின்றுகொண்டு ஓடிபி-க்குக் காத்திருக்க முடியாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகிற வசதி உண்டு, செட்டிங்ஸில் அதை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.

ஆனால் டவர் ஒரு கோடு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே இதில் பாதி வேலை செய்யாது. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று வைக்கலாம், நல்லதுதான். ஆனால் சிக்னல் போனால் அது கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் கிளம்பும் முன்பே வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: கிராமத்தின் பெயர், சர்வே எண், பக்கத்தில் என்ன கண்மாய், என்ன கோயில், எத்தனை மணிக்குத் திரும்புவேன். சர்வே எண் நமக்கு வேண்டும், தேடி வருகிறவருக்கு "அய்யனார் கோயிலுக்கு மேற்கே" என்பதுதான் உதவும்.

இடம் பார்த்த பிறகு ராத்திரியில் போன் போடுவது, வேண்டாம் என்று சொல்லியும் மெசேஜ் அனுப்புவது, வீட்டுப் பக்கம் வந்து நிற்பது, இதெல்லாம் உங்களில் நிறையப் பேருக்கு நடந்திருக்கும், தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று விட்டிருப்பீர்கள். ஒரு பெண்ணுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம். தொடுவது, ஆபாசமாகப் பேசுவது 75-ஆம் பிரிவில் வரும். மெசேஜை அழிக்காதீர்கள், கால் ஹிஸ்டரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று தெரியாவிட்டாலும் அருகிலுள்ள ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதை எழுத்திலேயே சொல்கிறது, எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.

கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ல் பணியிடம் என்றால் ஆபீஸ் மட்டும் கிடையாது, வேலையாகப் போகிற எந்த இடமும், அதற்குப் போக முதலாளி தருகிற வாகனமும் அடங்கும். வேலையின்போது எதிர்ப்படுகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. "தனியாப் போய் காட்டிட்டு வாம்மா" என்று அனுப்புகிற மேனேஜரிடம் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். பத்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றால் மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம்.

ஆதார் நகல் வேண்டாம் என்பதில் அக்காவோடு ஒத்துப்போகிறேன். அடுத்தவர் ஆதாரை வாங்கி நம் பையில் வைத்திருப்பது நமக்கே வம்பு. நோட்டும் வண்டி நம்பரும் போதும்.

லண்டனில் ஒரு சோழவந்தான்காரன்:

நான் இங்கே லண்டனில் ஒரு வீட்டு ஏஜென்சியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் நாள் மேனேஜர் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். சூசி லாம்ப்ளூ, 25 வயது, நம்மை மாதிரி வீடு காட்டுகிற வேலை. 1986 ஜூலை 28, ஃபுல்லம் பகுதியில் ஒரு வீட்டைக் காட்டுவதாக ஆபீஸ் டைரியில் 'மிஸ்டர் கிப்பர்' என்று பெயர் எழுதிவிட்டு மதியம் கிளம்பினார், திரும்பவே இல்லை. கார் அன்று இரவே கிடைத்தது, அவருடைய பர்ஸ் உள்ளே இருந்தது. உடல் இன்று வரை கிடைக்கவில்லை. அந்தப் பெயரில் வந்தது யார் என்பதும் உறுதியாகவில்லை. அவருடைய அம்மா, அப்பா அதே வருடக் கடைசியில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள், தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக அது இப்போதும் நடக்கிறது.

அமெரிக்காவில் 2014 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில் பெவர்லி கார்ட்டர் என்ற ஏஜென்ட் ஊருக்கு வெளியே ஒரு காலி வீட்டைக் காட்டப் போய்க் கடத்திக் கொல்லப்பட்டார். பிடிபட்டவனிடம் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, தனியாக வேலை பார்க்கிற பெண், பணக்கார புரோக்கர், அதனால்தான் என்று சொன்னான். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே ரியல் எஸ்டேட் ஏஜென்ட்கள் சங்கம் ஒவ்வொரு செப்டம்பரையும் பாதுகாப்பு மாதமாகவே வைத்திருக்கிறது.

எங்கள் ஆபீசில் இருந்த பழக்கங்களில் நம் ஊருக்கு அப்படியே ஒத்துவருவது சங்கேத வாக்கியம். ஆபத்து என்று தோன்றினால் ஆபீசுக்குப் போன் போட்டு "அந்தச் சிவப்பு ஃபைலை எடுத்து வைங்க" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது வேலைப் பேச்சு, கேட்கிறவருக்கு உடனே போலீசைக் கூப்பிடு என்று அர்த்தம். நீங்கள் வீட்டுக்காரரோடு பேசி, உங்கள் வாயில் சாதாரணமாக வரக்கூடிய ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். "மேலூர் பத்திரம் வந்துருச்சா" என்கிற மாதிரி. முக்கியமாக, உங்கள் கையில் அப்படி ஒரு பத்திரம் நிஜமாக இருக்கக்கூடாது, குழப்பம் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள், சும்மா சொல்லி வைத்தால் அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே ஞாபகம் வராது.

அப்புறம் விளம்பரத்தில் போடுகிற போட்டோ, வீட்டு விலாசம். விசிட்டிங் கார்டில் வீட்டு விலாசம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தொழிலுக்கு ஒரு தனி சிம் வாங்குங்கள், அந்த வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் படத்தை டிபியாக வைக்காதீர்கள்.

அய்யர்பங்களாக்காரி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திருமங்கலம் அண்ணே, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ஆம்பளைக்கே இப்படி என்றால் நீ எப்படிப் போவாய் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் அக்கா எழுதியதையும் முழுசாகப் படித்தார். ராத்திரி அவரே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்து கோடு போட்டுக் கொடுத்தார், பெயர், ஊர், வண்டி நம்பர், எத்தனை மணி என்று. சங்கேத வாக்கியமும் பேசி வைத்துவிட்டோம், இங்கே எழுதக்கூடாது.

நேற்று ஒரு போன் வந்தது. சிவகாசிக்காரர் என்றார், அழகர்கோவில் ரோட்டில் நாலு சென்ட் வேண்டும், மத்தியானம் நேராக இடத்துக்கே வந்துவிடுகிறேன் என்றார். முதலில் பேப்பரைப் பார்த்துவிடலாம், ஜெராக்ஸ் கடைக்கு வாருங்கள் என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது, போய்விடுவாரே என்றுதான். போய்விட்டார், அதற்கெல்லாம் நேரமில்லை என்று வைத்துவிட்டார். அரை மணி நேரம் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் இன்னொருவர், அவரிடமும் அதையே சொன்னேன். மனைவியோடு வந்தார், நோட்டில் எழுதினார், அந்த அம்மா உட்கார்ந்து வில்லங்கச் சான்றிதழை 1987-லிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார்கள், எனக்கே வேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை இடம் பார்க்கப் போகிறோம், என் வண்டியில் நான்.

நாளைக்கு அந்த ஊமச்சிகுளம் இடத்துக்கு வீட்டுக்காரரோடு போய் அந்த ஆயாவைத் தேடிப் பார்க்கப் போகிறேன். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? ஒரு நாள் உங்களோடு வந்து நீங்கள் பார்ட்டியிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசை.

ஒத்தக்கடை அக்கா:

வா தங்கச்சி, தாராளமாக வா. ஆனால் நானும் உனக்கு முன்பின் தெரியாத ஆள்தான், முகத்தைக்கூட நீ பார்த்ததில்லை. அதனால் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை பதினோரு மணிக்கு பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு வா. கடைக்காரத் தம்பியிடம் என்னைப் பற்றி விசாரி, அக்கம்பக்கத்தில் இரண்டு டாக்குமென்ட் ரைட்டரிடமும் விசாரி. திருப்தியாக இருந்தால் மட்டும் கூட வா. வரும்போது உன் நோட்டைக் கொண்டு வா, என் பெயரையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.